அப்பாவி என்றொரு வசவு

மலையகத்தைப் பற்றித் தமிழில் ஒரு கதையோ திரைப்படமோ வெளிவந்துவிட்டால், அதன் மதிப்புரையில் தவறாமல் இடம்பெறும் சொல் ஒன்றுண்டு. 'அப்பாவி' என்பதே அது. அப்பாவித் தொழிலாளர்கள், அப்பாவிப் பெண்கள், அப்பாவி மக்கள். நாளிதழ்களும் இதற்கு விலக்கல்ல. குளவி கொட்டி ஒருவர் இறந்தாலும், லயம் மண்சரிவில் புதைந்தாலும், எங்கள் செய்தி மேசைகளில் முதலில் எழுந்து நிற்பது அந்தச் சொல்தான். இரக்கத்தால் எழுதப்படுவதாக நாம் கருதும் இச்சொல், உண்மையில் ஒரு வசவு. அதை எழுதுபவனும் வாசிப்பவனும் ஒரு மக்கள் கூட்டத்தின் மூளையையும் முதுகெலும்பையும் பறித்துக்கொண்டு, கண்ணீரை மட்டும் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

தேயிலைக் கதைகளின் வாய்பாடு மிக எளியது. ஒன்றும் அறியாத மக்கள் மலையேறி வருகிறார்கள். கங்காணி ஏமாற்றுகிறான். துரை பெண்ணின் மேல் கைவைக்கிறான். இறுதியில் ஒன்று வெளியிலிருந்து ஒரு நல்லவர் வந்து மீட்க வேண்டும், இல்லையேல் எல்லோரும் அழிய வேண்டும். தமிழகத்து ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 1969இல் வெளியான 'ரெட் டீ' நாவலிலேயே நன்மை ஒரு மருத்துவரின் வடிவில்தான் வந்து சேர்கிறது. டேனியலின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அவர் கண்டதை எழுதினார். இரா. முருகவேள் அதனை 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதைத் தழுவிப் பாலா 2013இல் எடுத்த 'பரதேசி'யோ இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. நாயகன் வெள்ளந்தியிலும் வெள்ளந்தி. தன் மனைவியும் பிள்ளையும் அதே நரகத்துக்கு வந்து சேர்வதைக் கண்டு அவன் பாறை மேலிருந்து கதறுவதோடு படம் முடிகிறது. அரங்கில் நாமும் அழுதோம். அழுதபின் நாம் செய்ய வேண்டியது எதுவுமிருக்கவில்லை.

இந்த வாய்பாட்டின் முதற் குற்றம், அநீதிக்கு அது கொடுக்கும் முகம். சவுக்கும் மீசையும் கொண்ட ஒரு கொடியவனைக் காட்டிவிட்டால், அவன் செத்ததும் கொடுமையும் செத்துவிடும் என்று வாசகன் நம்புகிறான். மலையகத்தின் வரலாறோ வேறுவிதமானது. அங்கே சவுக்கைவிடக் காகிதமே கொடியதாக இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, ஆளைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றியது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அடுத்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலேயே பிறந்தவனும் தன் தந்தை இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குப் பூட்டனின் பிறப்புச் சான்று எங்கிருந்து கிடைக்கும்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; வாக்குரிமை பறிபோன பின் வந்த 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. பங்கிடப்பட்டவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இந்தக் கதையில் வில்லன் யார்? படித்தவர்கள், பண்பாளர்கள், நல்ல ஆங்கிலம் பேசியவர்கள். தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம் அதே ஆண்டில் அதே அரசில் அமைச்சரானார். அதை ஏற்காது பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இத்துணை நாடகம் கண்முன் கிடக்க, நம் கதாசிரியர்கள் இன்னும் துரையின் காமத்தையே துரத்திக்கொண்டிருக்கிறார்கள். ஏனெனில் துரை கப்பலேறிப் போய்விட்டார். அவரைத் திட்டினால் நம்மில் யாருக்கும் வலிக்காது.

இரண்டாவது குற்றம் வீரத்தைப் பற்றியது. வெளியிலிருந்து வரும் மீட்பரைத் தேடும் இக்கதைகளுக்கு, மலைக்குள்ளேயே இருந்த வீரர்கள் தென்படுவதில்லை. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்டார் என்பதை ஒருசிலர் எழுதியிருக்கிறார்கள். அவரும் வெளியிலிருந்து வந்தவரே. ஆனால் தம்மை அழைத்துச் செல்லவும் காத்துநிற்கவும் தோட்டத்துக்குள் துணிந்த ஆட்கள் இல்லாமல் அவரால் என்ன செய்திருக்க முடியும்? அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தாமே பாட்டுக்கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அந்தப் பெண்மணியை நாயகியாக்கிய வெகுசன நாவல் ஒன்று உண்டா? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அதையொட்டி எழுந்த பிணக்கில் இலங்கையின் அமைச்சர் குழுவே பதவி விலகியது. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பறிக்கும் திட்டத்தை எதிர்த்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிக்கு இரையானார். இவர்கள் ஒன்றும் அறியாமல் வழியில் நின்று குண்டடிபட்டவர்களா? எதற்காக நிற்கிறோம் என்று அறிந்தே நின்றவர்கள். அவர்களை 'அப்பாவிகள்' என்று எழுதுவது அவர்களை இரண்டாம் முறை கொல்வதாகும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அப்பாவி அல்ல என்று சொல்லிவிட்டால், அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி சிறுத்துவிடாதா? இந்தக் கேள்வியில்தான் நோய் இருக்கிறது. கள்ளங்கபடமற்றவனுக்கு மட்டும்தான் நீதி உரியது என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? சூட்சுமக்காரனுக்கும், வாயாடிக்கும், குடிகாரனுக்கும் குடியுரிமை உண்டு. சந்தாப் பணத்தைத் தின்ற தோட்டத் தலைவர்களும் மலையகத்தில் இருந்தார்கள். அவர்களையும் கதையில் நடமாட விடுங்கள். குறையற்ற மனிதர்களைப் படைத்து அவர்களுக்காக அழுவது சுலபம். குறையுள்ள மனிதனின் உரிமைக்காகவும் வாசகனைக் கோபப்பட வைப்பதே எழுத்து.

வெகுசனக் கதைக்கு எளிமை வேண்டாமா என்பது இன்னொரு மறுப்பு. வேண்டும். அந்த எளிமையைப் பொய்யில்லாமல் கொடுத்தவர்கள் மலையகத்திலேயே இருந்தார்கள். என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பட்டிக்காட்டு வாசகனுக்கும் விளங்கும் கதைதான். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நேர்மையும் தன்மானமுமே அதில் பொருள். தலவாக்கலையிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை 'வீடற்றவன்' எழுதினார். தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்' சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்படும் மலையகத்தானின் கதை. அவருக்கு 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்த பிறகே தமிழகத்தில் பலர் அவர் பெயரை விசாரித்தார்கள். நல்ல கதை இல்லாமல் போய்விடவில்லை, நாம்தான் வாங்கவில்லை.

இவையெல்லாம் இலக்கியச் சண்டை, ஊருக்கென்ன என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன். நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015இல் எழுந்து 2021இல்தான் நிறைவேறியது. அந்த ஆண்டுகளில் வீதியில் அமர்ந்த பெண்களைப் பார்த்து, 'இவர்களை யாரோ தூண்டிவிடுகிறார்கள்' என்று சொன்ன நல்லவர்களை நான் கேட்டிருக்கிறேன். கதையில் படித்த அப்பாவிக்குச் சொந்தமாகக் கோபம் வராது என்பது அவர்கள் துணிபு. தேயிலைக் கதை படித்துக் கண்கலங்கிய வீடுகளில்தான், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், தோட்டத்துச் சிறுமிகள் பாத்திரம் துலக்கினார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை உருவாக்கியவர் எந்தத் துரையும் அல்லர். அது அசல் தமிழ்ச் சொல்.

ஆகவே, அடுத்த தேயிலைக் கதையை எழுதப்போகும் அன்பருக்கு ஒரு விண்ணப்பம். கொழுந்து நிறுக்கும் தராசடிக்கு ஒரு மாலை போய் நில்லுங்கள். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிக்கும்போது, நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடும்போது, ஒரு பெண் கணக்கப்பிள்ளையை என்ன கேள்வி கேட்கிறாள் என்று கவனியுங்கள். அவளுக்குக் கணக்குத் தெரியும், சட்டமும் ஓரளவு தெரியும். எந்தத் தொழிற்சங்கத்துக்கு எப்போது சந்தாவை நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். அவளை அப்படியே எழுதுங்கள். வாசகன் அழாவிட்டால் பரவாயில்லை.