வடசென்னைக்குத் தேவை திடல்

வடசென்னை என்றதும் குத்துச்சண்டையும் கேரமும் நினைவுக்கு வரும். கால்பந்தும் வர வேண்டும். 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி.யின் அப்போதைய நடுக்கள வீரர் தனபால் கணேஷ், வியாசர்பாடிப் பிள்ளை. கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோலும் அடித்தார்.

திறமை தெருவில் முளைக்கும். அதை வளர்க்க நிறுவனம் வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே கால்பந்து என்பது வேறு ஆட்டம்: பந்தைக் கையில் ஏந்தி மோதுவார்கள். 1905 பருவத்தில் குறைந்தது 18 பேர் பலியானார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். மறு ஆண்டே விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி வீச அனுமதி கிடைத்தது. ஆட்டத்தைக் கைவிடாமல், பல கல்லூரிகள் கூடிப் பொறுப்பேற்றன.

அந்தப் பொறுப்பு இங்கும் வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பந்து துரத்தக் கூடாது. துறைமுகமும் ஆலைகளும் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் திடல்கள் அமைக்கட்டும். கல்லூரிகள் மாலையில் தங்கள் மைதானக் கதவுகளைத் திறக்கட்டும். மாநகராட்சி இவர்களை ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும்.