மீசை அரும்பியதும் நின்றுவிடுகிற உதவி

நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்கிற பையனுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. அதே பையன், பள்ளியில் திடீரென்று விளையாட்டு ஆசிரியரின் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய் உட்கார்ந்துவிடலாம். தறி ஒரே தாளத்தில் ஓடுகிறது. அடுத்த சத்தம் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். விசில் அப்படியில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கும் எதிர்பாராத ஓசை அப்படியே உடம்பில் வலிக்கிறது. ஆறு வயதில் அவன் இதைச் செய்தபோது “பாவம், குழந்தை” என்றவர்கள், பதினான்கு வயதில் “திமிர்” என்கிறார்கள்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்சத் துணையும், அது மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில் மெலிந்துபோகிறது. இதை வரும் கல்வியாண்டுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

பதின்மூன்று வயதுக்கு மேல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. ஒரே டீச்சர் போய், மணிக்கொரு ஆசிரியர் வருகிறார். நண்பர்களின் பேச்சில் கேலியும் இரட்டை அர்த்தமும் புகுந்துவிடுகின்றன. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை அங்கே தனித்துப்போகிறது. சிலருக்கு முதன்முதலாக வலிப்பு வருவதும் இந்த வயதில்தான். மாதவிலக்கைப் பற்றி முன்கூட்டியே, படம் போட்டு, பலமுறை சொல்லித் தராவிட்டால், வயதுக்கு வரும் பெண் தனக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்து மிரண்டுவிடுவாள். மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்து சமாளிக்கக் கற்றுக்கொண்ட பெண்களோ யார் கண்ணிலும் படுவதேயில்லை. “அமைதியான பொண்ணு” என்ற பெயரோடு உள்ளுக்குள் நொறுங்கிப்போகிறார்கள்.

உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பெரிய உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு எல்லாம் அதன் 17-ஆம் பிரிவில் உள்ளன. ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை மாதம் 6,000 ரூபாயாக உயர்த்தியதும் பாராட்டத்தக்கது. பணம் கொடுத்த அரசு ஆளைக் கொடுத்ததா என்பதுதான் கேள்வி. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021-இல் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2025 ஏப்ரலில் மாநிலம் 2,260 பணியிடங்களை உருவாக்கியது. அவற்றில் 1,124 உயர்நிலை வகுப்புகளுக்கான ஸ்கூல் அசிஸ்டென்ட் பதவிகள். மற்றவை தொடக்க நிலைக்கு. அதாவது எல்லாமே பத்தாம் வகுப்பு வரைதான். இன்டர்மீடியட் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு? ரேங்க் துரத்தும் ஜூனியர் காலேஜ்களில் அவனுக்காக உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அந்தப் பதவி இந்தப் பட்டியலில் இல்லை.

எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். பேச்சு தாமதமான பிள்ளை என்றால் “வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும்” என்று பெற்றோருக்கு அறிவுரை வருகிறது. இது தவறான அறிவுரை. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்று கனடாவிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டியோடும் அம்மாவோடும் பேசும் மொழியைப் பிடுங்கிக்கொண்டால், தனிமையில் தவிக்கும் வயதில் அவனுக்கு வீடும் அந்நியமாகிவிடும். சித்தூரிலிருந்து பேருந்து ஏறி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குத் தமிழில் பேசும் வாய்ப்பு கிடைக்கிறது. வேலூர் வரை போக முடியாதவர்களுக்கு அதை உள்ளூரிலேயே தருவது யார் பொறுப்பு?

திருமலையையும் கேட்க வேண்டியிருக்கிறது. வைகுண்டம் க்யூ காம்ப்ளக்ஸில் அடைத்த கூட்டம், ஒலிபெருக்கி, எப்போது கதவு திறக்கும் என்று தெரியாத காத்திருப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கடினமான இடம் அமையாது. எலும்பு, மூட்டுக் குறைபாடுகளுக்கென்று பர்ட் மருத்துவமனையை நடத்தும் தேவஸ்தானம், வெளியே தெரியாத இந்தக் குறைபாட்டுக்காக ஓர் அமைதி அறையும், வரிசையில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் படக் கையேடும் தர முடியாதா? செலவு சொற்பம். பெற்றோர் கேட்டுக் கெஞ்சாமல், தரிசன டிக்கெட்டோடு அது வந்துசேர வேண்டும்.

ஆட்சியர்கள் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. பதினெட்டு முடிந்த பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிப்பது தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையிலான குழுவின் வேலை. பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போதே இந்த வழியைப் பெற்றோரைத் தேடிப்போய் விளக்க வேண்டும். சிறப்பு ஆசிரியர்களில் தமிழ் தெரிந்தவர்களைப் பிரித்தெடுத்து நகரி, சத்தியவேடு, குப்பம் உயர்நிலைப் பள்ளிகளில் முதலில் அமர்த்த வேண்டும். ஜூனியர் காலேஜ்களுக்குத் தனிப் பணியிடம் கேட்டு இரு மாவட்டங்களிலிருந்தும் அமராவதிக்குக் கோப்பு போக வேண்டும்; ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்குள் அதற்குப் பதிலும் வர வேண்டும்.