பலகையில் இடம்பெறாத பருப்பு

ஒன்றிய சுகாதாரச் செயலர் 2025 ஜூன் 21 அன்று எல்லா அமைச்சகங்களுக்கும் எழுதிய கடிதத்தை நம்மில் பலரும் படித்திருப்போம். அலுவலக உணவகம், வரவேற்பறை, கூட்ட அறை என எங்கும் உணவிலுள்ள எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்க வேண்டும், கடிதத் தாளிலும் உறையிலும் உடல் பருமன் பற்றிய வாசகத்தை அச்சிட வேண்டும், மாடிப்படி ஏறுவதையும் இடையிடையே எழுந்து நடப்பதையும் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை லேபிள் வருகிறது என்று எழுந்த பரபரப்பை ஜூலை 15 அன்று அரசே மறுத்துவிட்டது. அதில் இனிப் பேச ஒன்றுமில்லை. இந்தப் பலகையை நம் வெளிநோயாளர் அறையிலும் மாட்டலாமா, அதை வைத்து ஆலோசனை சொல்லலாமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

தாராளமாக மாட்டலாம். ஒரு பாட்டில் குளிர்பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை என்பதை நாம் பத்து நிமிடம் சொல்லிப் புரியவைப்பதைவிடப் படம் சீக்கிரம் புரியவைத்துவிடும். 2021இல் 18 கோடியாக இருந்த பருமனுள்ள வயதுவந்தோர் 2050இல் 44.9 கோடியாகக்கூடும் என்ற மதிப்பீட்டை அந்தக் கடிதமே எடுத்துக்காட்டுகிறது. தமிழ்நாட்டின் நிலை நமக்குத் தெரியும். நான்காவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பிஎம்ஐ 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 30.9 விழுக்காடு, ஐந்தாவதில் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37க்கு வந்துவிட்டார்கள். இந்த வேகத்தில் எந்தக் கருவியையும் வேண்டாம் என்று தள்ள நமக்கு உரிமையில்லை.

ஆனால் பலகை பேசுவது இரண்டே பொருளைப் பற்றி. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவில் ஒரு பரிசோதனை முகாமில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. இறால், நண்டு வாங்கி விற்கிற பெண் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தார். இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எண்ணெ கம்மி பண்ணிக்கிறேன் மேடம். டீல சக்கரையும் நிறுத்திக்கிறேன். சோத்தையும் கம்மி பண்ணிட்டா வயிறு எதுல ரொம்பும்?" பருப்பு, காய், கீரை, மீன் என்று பட்டியலை ஆரம்பித்தேன். "பருப்பு மாசத்துக்கு ஒரு கிலோ. மீனு வித்தாத்தான் காசு" என்று முடித்துவிட்டார்.

அன்று இரவு அவருடைய குடும்ப அட்டையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ இலவச அரிசி. தலைக்கு ஒரு நாளைக்கு 167 கிராம். சர்க்கரை 2 கிலோ. தலைக்குச் சுமார் 17 கிராம். பாமாயில் ஒரு லிட்டர். தலைக்கு 8 கிராமுக்கும் குறைவு. துவரம்பருப்பு ஒரு கிலோ. தலைக்கு 8 கிராம். இதை 2024 மே மாதம் ஐசிஎம்ஆர், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 2000 கலோரித் தட்டோடு ஒப்பிடுங்கள். தட்டில் தானியம் 250 கிராம். ரேஷன் கடை அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது. எண்ணெய் 27 கிராம்; கடை தருவது அதற்கு வெகுவாகக் கீழே. சர்க்கரையும் வரம்புக்குள்தான் இருக்கிறது. பருப்பு, முட்டை, இறைச்சி வகைக்குத் தட்டு ஒதுக்குவது 85 கிராம். கடை தருவது அதில் பத்தில் ஒரு பங்கு.

பலகை எச்சரிக்கிற இரண்டு பொருளும் அரசே கொடுக்கும் கணக்கில் மிஞ்சவில்லை. வெளியில் வாங்குகிற எண்ணெயும், வேலைக்கு நடுவே டீக்கடையில் சாப்பிடுகிற பஜ்ஜியும் பரோட்டாவும் கணக்கைக் கூட்டுகின்றன என்பது உண்மைதான்; அங்கே பலகை உதவும். ஆனால் அந்தக் குடும்பத்தின் தட்டைக் கோணலாக்குவது அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம். அதைச் சொல்ல எந்தப் பலகையும் இல்லை.

இந்த இதழில் பல ஆண்டுகளாக நான் எழுதிவருவதுதான் இது. இப்போது சான்று இன்னும் வலுவாகியிருக்கிறது. மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்நின்று நடத்திய ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி, அந்தக் கடிதம் வந்த அதே ஆண்டில் வெளியானது. இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து. அதில் 5 விழுக்காட்டுக் கலோரியைப் பருப்பு, பால், முட்டை, மீன் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு, நீரிழிவுக்கு முந்தைய நிலை ஆகியவற்றின் வாய்ப்புக் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுப்பதை வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. நார்ச்சத்துக்காகவும் கால்சியத்துக்காகவும் இன்றும் வரவேற்கிறேன். எடைக்கும் சர்க்கரைக்கும் அது மட்டும் மருந்தாகாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். மாநிலத்தில் நீரிழிவு 14.4 விழுக்காடு என்று அதே ஆய்வின் முந்தைய பகுதி 2023இல் சொன்ன பிறகும் உணவுத் துறையின் பட்டியலில் ஒரு கிராம் பருப்புகூடக் கூடவில்லை.

உண்மையில் அது அதற்கு முன்பே குறைந்துவிட்டது. சிறப்புப் பொது விநியோகத்தில் இருந்த உளுத்தம்பருப்பு 2017இல் நின்றது. இட்லி மாவில் உளுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டியதைத் தவிர ஏழை வீடுகளில் அதனால் வேறென்ன நடந்திருக்கும்? 2024 மே மாதத்துத் துவரம்பருப்பைப் பல கடைகளில் ஜூனில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அரிசி ஒரு மாதம் தள்ளிப்போனால் சட்டமன்றமே கொந்தளிக்கும். பருப்பு தள்ளிப்போனால் அது வெறும் கொள்முதல் தாமதம். பசியை மட்டும் ஆபத்தாகக் கருதிய காலத்து வரிசை இன்றும் மாறவில்லை. இலவச அரிசியை நிறுத்தச் சொல்பவர்களோடு நான் என்றைக்கும் சேரமாட்டேன். அந்த அரிசி இந்த மாநிலத்தின் பசியைத் தீர்த்தது, அதில் கைவைக்கக் கூடாது. அதன் பக்கத்தில் பருப்பைக் கொண்டுவந்து வைக்க இத்தனை ஆண்டுகள் ஏன் என்று கேட்கிறேன். சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கொடுக்கிற அரசால் இது முடியாத காரியமில்லை. அந்த முட்டையைச் சாப்பிட்டு வளர்ந்தவர் பள்ளியை விட்டு வெளியே வந்ததும் அரசு அவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் அரிசியைத்தான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏரிக்கரையில் இருப்பவர்களுக்குப் புரதத்துக்கு என்ன குறை?" என்று நம் சகாக்களே கேட்கிறார்கள். இறாலும் நண்டும் வலையிலிருந்து நேரே வியாபாரியின் தராசுக்குப் போகின்றன. பெரிய மடவையும் கிழங்கானும் சென்னைக்குப் போகின்றன. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடும் மாதங்களில் முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு கிடைத்த நாளிலும் வலை இலேசாகத்தான் வருகிறது. வீட்டுச் சட்டிக்கு மிஞ்சுவது காரப்பொடி போன்ற சிறுமீன், அல்லது கருவாடு. சிறுமீன் நல்லதுதான், முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். அதை ஏழைகளின் மீன் என்று நம் ஆலோசனையில் ஒதுக்காதீர்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதையும் வாரம் ஒருநாளோடு நிறுத்துங்கள்.

உடற்பயிற்சி பற்றி அந்தக் கடிதம் சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை. தொற்றா நோய் அபாயத்தை மதிப்பெண் போட்டுக் கணக்கிடும் நம் சிபிஏசி படிவத்தில்தான் எனக்குக் குறை. வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு உண்டா என்ற கேள்வியைப் பல இடங்களில் "வாக்கிங் போறீங்களா?" என்று கேட்கிறார்கள். பழவேற்காட்டுக் கழிமுகத்தில் இருளர் பெண்கள் பனையோலைப் பரியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் மணிக்கணக்காகக் குனிந்து கையால் இறால் தடவுகிறார்கள். அவர்களும் "இல்லை" என்கிறார்கள், ஒரு மதிப்பெண் ஏறிவிடுகிறது. அதே கரையில் நாள் முழுதும் உட்கார்ந்து தரம்பிரிப்பவர் ஏரியில் வேலை செய்கிறவர் என்பதற்காக "ஆம்" என்று பதிவாகிறார். கேள்வியை வேலைவாரியாகக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் நின்றீர்கள், நடந்தீர்கள், தூக்கினீர்கள், உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நடை சொல்லுங்கள். நீரில் நிற்பவருக்கு முதுகையும் முழங்காலையும் காக்கும் பயிற்சி சொல்லுங்கள். அவரை இன்னும் நடக்கச் சொல்வது நம் அறியாமை.

நம் நிலைப்பாடு இதுதான். பலகையை மாட்டுங்கள். அது ஒன்றே போதும் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். சிறப்புப் பொது விநியோகத்தில் துவரம்பருப்பை 3 கிலோவாக்க வேண்டும், அப்போதுதான் தலைக்கு 25 கிராமாவது வரும். உளுந்து திரும்ப வரவேண்டும். வருமானம் குறையும் மாதங்களிலாவது மீனவக் கிராமங்களின் கடைகளில் முட்டை கிடைக்கவேண்டும். தட்டை வரைந்து வெளியிடும் நிறுவனம் ஒன்றிய அரசுடையது. கடையில் பருப்பு அளக்கும் துறை மாநில அரசுடையது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததற்கான அடையாளம் இரண்டு அரசிடமும் இல்லை. இதைச் சொல்லும் தகுதி நமக்குத்தான் உண்டு, ஏனென்றால் அந்தத் தட்டுக்கு முன்னால் தினமும் உட்காருபவர்கள் நாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமிலிருந்து 24 மணி நேர உணவுக் குறிப்பின் முதல் வரியில், அந்த மாதம் அந்தக் குடும்பம் ரேஷனில் வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை அளவையும், அதை எத்தனை பேர் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதையும் எழுதுங்கள். பெயரை நீக்கிவிட்டு அந்தத் தாள்களின் படிகளை எங்களுக்கு அனுப்புங்கள். போதுமான அளவு சேர்ந்ததும் அவற்றை உணவுத் துறைக்கு நாமே எடுத்துச் செல்வோம்.