ஓசையும் மாசும்

பல்கலைக்கழக ஊர் ஒன்றின் நடுவே குடியிருப்பதைக் கவித்துவமான அனுபவமாக எழுதும் வழக்கம் நம்மவரிடையேயும் பரவிவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லியைப் பற்றித்தான் சிலாகிப்பு அதிகம். டெலிகிராஃப் வீதியின் புத்தகக் கடைகள், 1964இன் பேச்சுச் சுதந்திர இயக்கம், புறநானூற்றை மொழிபெயர்த்த ஜார்ஜ் ஹார்ட் தமிழ் கற்பித்த வளாகம் என்று பட்டியல் நீளும். அங்கே ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்க ஒரு மாணவன் படும் பாடு மட்டும் அதில் இடம்பெறாது.

நமது சண்டை அந்த ஊரின் தாராளவாதப் பெருமிதத்தோடு. ஒரு மனைக்கு ஒரு குடும்பம் மட்டுமே என்று பகுதிகளை 1916இலேயே வரையறுத்த, அமெரிக்காவின் முதல் நகரங்களுள் ஒன்று பெர்க்லி. அடுக்குமாடிகள் எழும்பக் கூடாது என்பது அதன் பொருள். கறுப்பினத்தவரும் சீனரும் அண்டக் கூடாது என்பது உட்பொருள். நகரமன்றமே இதை ஒப்புக்கொண்டு அம்முறையைக் கைவிடத் தீர்மானித்தது 2021 பிப்ரவரியில். நூற்றைந்து ஆண்டுகள்!

வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பார்கள். 1980 முதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாநிலம் 1995இல் இயற்றிய கோஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம், குடியிருப்பவர் தாமாகக் காலி செய்ததும் அடுத்தவருக்குப் புதிய வாடகையை நிர்ணயிக்க உரிமையாளருக்கு வழிவிட்டது. இருபதாண்டுகள் ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது கவசம். மாணவனோ பட்டம் பெற்றதும் கிளம்பியாக வேண்டியவன். அவன் காலி செய்வதே உரிமையாளருக்கு வருமான உயர்வு.

எல்லாவற்றுக்கும் சிகரம் பீப்பிள்ஸ் பார்க் வழக்கு. அந்த இடத்தில் ஏறத்தாழ 1,100 மாணவருக்கு விடுதி கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தபோது, 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் கொண்டாட்டங்களின் இரைச்சலைச் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராயாதது பிழை என்றது. ஆலைக்கழிவை அளக்கும் சட்டத்தால் மனிதக்குரலை அளந்தார்கள். (1970இல் அச்சட்டத்தில் கையொப்பமிட்ட ஆளுநர் ரீகன்தான் முந்தைய ஆண்டு அதே பூங்காவுக்குப் படையை அனுப்பியவர் என்பது தனிக் கதை.) குடியிருப்போர் எழுப்பும் ஓசை அச்சட்டப்படி பாதிப்பாகாது என்ற திருத்தம் அதே செப்டம்பரில் வந்தது, 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

எதிர்த்தோர் அனைவரும் சீமான்கள் அல்லர். 1969 மே 15 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டின் நினைவைக் காக்க நின்றவர்கள், அங்கே கூடாரமடித்து வாழ்ந்த வீடற்றவர்கள் ஆகியோரின் கோபம் வேறு வகையானது. 2024 ஜனவரியில் நள்ளிரவில் காவலர் சூழச் சரக்குப் பெட்டகங்களை அடுக்கி மதிலெழுப்பிய செயலை நாம் ஆதரிக்க முடியாது. நமது வாதம், தமது தூக்கத்தின் பெயரால் பிறரது கூரையை மறுப்பவர்களோடு மட்டுமே. தூக்கம் கெடுவது உண்மை. அதற்கு அபராதம் உண்டு, காவல் நிலையம் உண்டு. விடுதியைத் தடுத்தால் மாணவர்கள் மறைந்துவிடுவார்களா? கூடத்தைத் திரைச்சீலையால் மறித்து, ஒருவர் வாழும் இடத்தில் மூவராக, அதே தெருவின் பழைய வீடுகளில்தான் அடைவார்கள்.

கோடிஸ் புத்தகக் கடை 2006இல் டெலிகிராஃப் வீதியைவிட்டுப் போனபோது இரங்கியவர்களுள் எத்தனை பேர், அவ்வீதிக்கு நடந்து வரும் தொலைவில் மாணவன் ஒருவன் குடியிருக்க வேண்டும் என்று நகரமன்றத்தில் எழுந்து பேசினார்கள்?