மதச்சார்பின்மை கட்டுப்படுத்த வேண்டியது அரசை. பெண்ணின் உடையை அல்ல

1905 ஜூன். தேவாலயத்தையும் அரசையும் பிரிக்கும் சட்ட முன்வரைவு மீது பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் சூடான விவாதம் நடந்துகொண்டிருந்தது. துரோம் பகுதி உறுப்பினர் சார்ல் ஷபேர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பாதிரியார்கள் பொது இடங்களில் அங்கி அணிவதைத் தடை செய்ய வேண்டும் என்றார். அந்த அங்கி பாதிரியாரைச் சக குடிமக்களிடமிருந்து பிரிக்கிறது, அவருடைய சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது, அதைக் கழற்ற வைத்தால் அவர் விடுதலை பெறுவார் என்பது ஷபேரின் வாதம்.

முன்வரைவை அவையில் முன்னின்று நடத்திய அரிஸ்தீத் பிரியான் அதை ஏற்கவில்லை. மத விஷயத்தில் சுதந்திரத்தை நிலைநாட்ட வந்த சட்டம் யார் எந்த உடை உடுத்துவது என்று ஆணையிட்டால், சகிப்பின்மை என்ற பழியைத்தான் சுமக்கும் என்றார். அரசும் மதமும் பிரிந்த மறுநாளே பாதிரியாரின் அங்கியும் மற்ற உடைகளைப் போன்ற ஓர் உடையாகிவிடும் என்றார். தடை விதித்தால் பாதிரியார்களும் தையற்காரர்களுமாகச் சேர்ந்து வேறொரு உடையைக் கண்டுபிடிப்பார்கள் என்றும் எச்சரித்தார். ஷபேரின் திருத்தம் தோற்றது. பிரெஞ்சு மதச்சார்பின்மையின் அடித்தளமான 1905 சட்டம் எவருடைய உடையையும் தொடாமல் நிறைவேறியது.

இன்று அதே சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் முஸ்லிம் மாணவியின் தலைத்துணி, முகத்திரை, நீச்சலுடை, நீளமான கவுன் என்று ஒவ்வொன்றாகத் தடை செய்யப்படுகிறது. பிரியான் நிராகரித்த வாதம், ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

கடமை யாருடையது?

1905 சட்டத்தின் முதல் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்துக்கு உறுதியளிக்கிறது. பொது ஒழுங்குக்கு உட்பட்டு வழிபாட்டுச் சுதந்திரத்தையும் காக்கிறது. இரண்டாம் பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் ஊதியமோ மானியமோ தராது என்கிறது. இரண்டு பிரிவுகளும் அரசின் கையைத்தான் கட்டுகின்றன. நடுநிலை என்பது அரசின் கடமை. அந்த நடுநிலையின் பயனாகக் குடிமக்களுக்குக் கிடைப்பது சுதந்திரம். அரசின் கடமையைக் குடிமகளின் தலையில் ஏற்றுவதுதான் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நடந்திருக்கும் பெரிய பிறழ்வு.

அது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1989இல் பாரிஸுக்கு வடக்கே உள்ள கிரேய் என்ற ஊரின் பள்ளியிலிருந்து மூன்று மாணவிகள் தலைத்துணிக்காக வெளியேற்றப்பட்டனர். அன்றைய கல்வி அமைச்சர் லியோனல் ஜோஸ்பான், உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்செய் தெத்தாவின் கருத்தைக் கேட்டார். மாணவர்கள் மதச் சின்னம் அணிவது மட்டுமே மதச்சார்பின்மைக்கு முரணாகிவிடாது என்று அந்த மன்றம் 1989 நவம்பரில் சொன்னது. பிறரை வற்புறுத்துவது, மதப் பிரச்சாரம் செய்வது, வகுப்புக்கு இடையூறாவது ஆகியவற்றைத்தான் பள்ளி தடுக்கலாம் என்றது. நடத்தையைப் பார், துணியைப் பார்க்காதே என்ற தெளிவான கோடு அது. 2004 மார்ச் 15ஆம் தேதியிட்ட சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அரசுப் பள்ளிகளில் மத அடையாளத்தை வெளிப்படையாகக் காட்டும் சின்னமும் உடையும் தடை செய்யப்பட்டன.

தடை கோரியவர்களின் நியாயம்

2004 சட்டத்தை வெறும் வெறுப்பின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு முன்பு பெர்னார் ஸ்டாசி தலைமையில் அமைந்த ஆணையம் பலதரப்பினரின் சாட்சியங்களைக் கேட்டது. தலையை மூடாவிட்டால் அண்ணன் தம்பிகளும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் அச்சுறுத்துகிறார்கள், பள்ளிதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கும் அடைக்கலம் என்று சொன்ன பெண்களின் குரலும் அங்கே ஒலித்தது. அது உண்மையான துயரம். தடையை எதிர்ப்பவர்கள் அந்தப் பெண்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால், கட்டாயத்துக்கு மருந்து கட்டாயப்படுத்துபவரைத் தடுப்பதுதான். விரும்பி அணிபவளையும் மிரட்டலுக்குப் பயந்து அணிபவளையும் ஒன்றாகச் சேர்த்துப் பள்ளி வாசலில் நிறுத்துவது மருந்தாகாது. சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் கல்வியாண்டில் 47 மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். 44 பேர் தலைத்துணிக்காக. மூவர் சீக்கியத் தலைப்பாகைக்காக. அப்படி வெளியேற்றப்பட்ட சீக்கிய மாணவர் ஒருவரின் வழக்கில், பிரான்ஸ் அவருடைய மத உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு பின்னர் முடிவுசெய்தது. அண்ணனின் மிரட்டலிலிருந்து மாணவியைக் காப்பதாகச் சொன்ன சட்டம், யாரையும் மிரட்டாத ஒரு சீக்கிய இளைஞனின் படிப்பைத் தடுத்தது.

இந்தத் தடைகளால் கல்வி உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1994இல் கல்வி அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பின் முஸ்லிம் மாணவிகளின் தேர்ச்சி மேம்பட்டது என்கிறார் பொருளியலாளர் எரிக் மோரான். 2004 சட்டம் முஸ்லிம் பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதைக் குறைத்தது என்று ஆலா அப்தெல்காதிர், வாசிலிகி ஃபூகா ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. சராசரிக் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், படிப்பை விட்டு விலகும் பெண்ணின் இழப்பு அவளுக்கு முழு இழப்பு. ஒருத்தியின் உரிமையை இன்னொருத்தியின் மதிப்பெண்ணைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

ஸ்டாசி ஆணையம் இன்னொரு பரிந்துரையும் செய்தது. யூதர்களின் யோம் கிப்பூர் நாளையும் முஸ்லிம்களின் பக்ரீத்தையும் பள்ளி விடுமுறையாக்கச் சொன்னது. அது ஏற்கப்படவில்லை. சமமாக அரவணைக்கும் பகுதி கைவிடப்பட்டது. தடை மட்டும் சட்டமானது. அல்சாஸ், மோசெல் பகுதிகளில் 1905 சட்டம் இன்றும் செல்லுபடியாகாது. அங்கே கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கும் புராட்டஸ்டன்ட் போதகர்களுக்கும் யூத ரபிகளுக்கும் அரசே ஊதியம் தருகிறது. அதே ஸ்ட்ராஸ்பூர் நகரின் அரசுப் பள்ளியில் மாணவியின் தலைத்துணி மட்டும் நடுநிலைக்கு ஊறு என்பது எந்த வகை நியாயம்?

பள்ளியில் தொடங்கி வீதி வரை

பொது இடங்களில் முகத்தை மறைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2010 அக்டோபரில் வந்தது. முகத்திரை அணியும் பெண்கள் ஏறத்தாழ 1,900 பேர் என்பது அரசின் அன்றைய மதிப்பீடு. ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. முழுத் தடைக்கு உறுதியான சட்ட அடிப்படை இல்லை என்று கோன்செய் தெத்தா முன்கூட்டியே எச்சரித்திருந்தும், அரசு பின்வாங்கவில்லை. முகத்தை மறைப்பவருக்கு 150 யூரோ வரை அபராதம். மறைக்கும்படி கட்டாயப்படுத்துபவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும். இந்த இரண்டாவது பிரிவு மிகச் சரியானது. அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். முதல் பிரிவோ, கணவனின் கட்டாயத்தால் முகம் மூடிய பெண்ணுக்கும் அபராதம் விதிக்கிறது. பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கிவிட்டு, அவரைக் காக்கிறோம் என்று ஒரு சட்டம் சொல்ல முடியாது.

இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அரசு முன்வைத்த பாலினச் சமத்துவ வாதத்தையும் பாதுகாப்பு வாதத்தையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. தானே விரும்பி உடுத்தும் உடையைச் சமத்துவத்தின் பெயரால் ஒரு பெண்ணுக்குத் தடுக்க முடியாது என்றார்கள். கடைசியில், முகம் பார்த்துப் பழகும் ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை நிற்கவிட்டார்கள். இவ்வளவு தெளிவற்ற காரணத்தைக் கொண்டு தனிமனித உரிமையைப் பறிக்கலாகாது என்று இரண்டு நீதிபதிகள் மாறுபட்டனர். 2018இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் இச்சட்டம் உரிமை மீறல் என்றது. மாறுபட்டவர்கள் சொன்னதே சரி. சக மனிதர் தன் முகத்தைக் காட்டியாக வேண்டும் என்று கோரும் உரிமை எவருக்கும் கிடையாது.

அதன் பிறகு தடை விரிந்துகொண்டே போனது. 2016 கோடையில், நீஸ் நகரப் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின், கடற்கரை நகரங்கள் பலவற்றின் மேயர்கள், உடலை முழுதும் மூடும் நீச்சலுடையான புர்க்கினிக்குத் தடை விதித்தனர். அவற்றில் ஒரு நகரின் தடையை, அது அடிப்படைச் சுதந்திரங்களை மீறுவது என்று கோன்செய் தெத்தா நிறுத்திவைத்தது. 2019இல் திஷோன் நகரில், பிராந்திய மன்றக் கூட்டத்தைப் பார்க்க வந்த பள்ளிக் குழந்தைகளுடன் துணைக்கு வந்திருந்த ஒரு தாயிடம், முக்காட்டை எடுக்கச் சொல்லித் தீவிர வலதுசாரி உறுப்பினர் ஒருவர் அவையிலேயே கூச்சலிட்டார். அழுத மகனை அந்தத் தாய் அணைத்துக்கொண்ட படம் நாட்டையே உலுக்கியது. எந்தச் சட்டத்தையும் அவர் மீறியிருக்கவில்லை. ஆனாலும் தடைச் சட்டங்கள் வளர்த்த மனநிலை அவரைக் குற்றவாளிபோல் நிற்க வைத்தது.

2023 ஆகஸ்டில் அன்றைய கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால், அபாயா என்ற நீளமான கவுனைப் பள்ளிகளில் தடை செய்தார். அது மத உடையே அல்ல என்று முஸ்லிம் அமைப்பு ஒன்று சொன்னது. பள்ளி திறந்த நாளில் 298 மாணவிகள் அபாயாவுடன் வந்தனர். மாற்ற மறுத்த 67 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நீளமான கவுன் எப்போது மத உடையாகிறது? பார்த்தவுடன் தெரியாது. அணிந்திருப்பவர் யார், அவருடைய பெயர் என்ன, குடும்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். தடை விதித்தால் இன்னோர் உடை வரும் என்று பிரியான் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. மதத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டிய அரசு, மாணவியின் மதத்தைப் பள்ளி வாசலிலேயே தேட ஆரம்பித்துவிட்டது.

எல்லை எங்கே இருக்க வேண்டும்?

எந்த வரம்பும் கூடாது என்பதல்ல என் வாதம். நீதிபதி, காவலர் போன்று அரசின் அதிகாரத்தைக் கையாள்பவர்களிடம் தோற்றத்திலும் நடுநிலையை எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு. அங்கும் நிதானம் தேவை. ஆசிரியைகள் அனைவருக்கும் பொதுவாகத் தலைத்துணித் தடை விதிக்க முடியாது, பள்ளியின் அமைதிக்குத் திட்டவட்டமான ஆபத்து இருந்தால் மட்டுமே தடுக்கலாம் என்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. தேர்விலும் விமான நிலையத்திலும் அடையாளம் காண முகத்தைக் காட்டச் சொல்வதும் சரியே. இவையெல்லாம் குறிப்பிட்ட தேவைக்கான குறிப்பிட்ட விதிகள். மாணவி, பயணி, விளையாட்டு வீராங்கனை, பிள்ளையின் தாய் ஆகியோர் அரசின் பிரதிநிதிகள் அல்லர்.

பெண்ணின் உடையை அரசு தீர்மானிக்கக் கூடாது என்பதை ஈரானின் அனுபவமும் உணர்த்துகிறது. 1936இல் மன்னர் ரேஸா ஷா முகத்திரையையும் தலைத்துணியையும் தடை செய்தார். காவலர்கள் தெருவில் பெண்களின் துணியைப் பறித்தார்கள். வெளியே வர அஞ்சிப் பெண்கள் பலர் வீட்டுக்குள் முடங்கினார்கள். இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு 1983இல் வந்த சட்டம், தலையை மூடாத பெண்களைத் தண்டித்தது. 2022இல் மஹ்சா அமினி ஒழுக்கக் காவல் பிரிவின் பிடியில் இறந்தது அதன் தொடர்ச்சி. ஆட்சிகள் மாறின, பெண்ணின் உடையைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் அவளிடம் வந்து சேரவில்லை.

இந்தக் கேள்வி நம் நாட்டுக்கும் புதிதல்ல. கர்நாடகத்தில் 2022இல் சீருடையின் பெயரால் ஹிஜாப் அணிந்த மாணவிகள் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹேமந்த் குப்தாவும் சுதான்ஷு துலியாவும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். ஹிஜாப் மார்க்கத்தின் இன்றியமையாத கூறா என்ற ஆராய்ச்சிக்குள் நுழையத் தேவையில்லை, அது அந்தப் பெண்ணின் தெரிவு என்றார் துலியா. வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் படிக்க வரும் பெண்ணின் வாழ்க்கையைத் தடையால் மேம்படுத்துகிறோமா என்ற அவருடைய கேள்வி, பாரிஸிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

விளையாட்டுப் போட்டிகள் அனைத்திலும் மதச் சின்னங்களைத் தடை செய்யும் மசோதாவுக்கு 2025 பிப்ரவரியில் பிரெஞ்சு செனட் ஒப்புதல் தந்தது. அந்த மசோதா கைவிடப்பட வேண்டும். முக்காடு போடச் சொல்லி மிரட்டுபவரை, அவர் தந்தையானாலும் கணவரானாலும், சட்டம் கடுமையாகத் தண்டிக்கட்டும். போட விரும்பாத பெண்ணுக்கு அரசு அரணாக நிற்கட்டும். போட விரும்பும் பெண்ணுக்கும் அதே அரசு அதே அளவுக்கு அரணாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும் அரசையே மதச்சார்பற்ற அரசு என்று ஏற்க முடியும்.