ஆய்வு அறிக்கை கிராம சபைக்கு வரட்டும்

கூடங்குளம் அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியில் தமிழ்ச் சமூகம் இன்றும் இரண்டு அணியாகத்தான் நிற்கிறது. நிலையத்தை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்தவர்களின் அச்சத்தையும், மின்வெட்டில் தறியும் பம்புசெட்டும் நின்றுபோனவர்களின் தவிப்பையும் நாம் மதிக்கிறோம். அந்த விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இப்போது இயங்குகின்றன. அவற்றின் பக்கத்திலேயே மேலும் நான்கு உலைகளுக்கான கட்டுமானம் நடக்கிறது. இயங்கும் உலையை யார் சோதிக்கிறார்கள், என்ன கண்டார்கள், கண்ட குறை சரிசெய்யப்பட்டதா என்று கேட்பதில் இரு அணிக்கும் ஒரே அக்கறைதான் இருக்க முடியும். நாம் கைகோக்க வேண்டிய இடம் அது.

அணு உலையை நிறுத்துவது விளக்கை அணைப்பது போன்றதல்ல. கூடங்குளத்தின் ஓர் உலை, முழுத் திறனில் ஓடும்போது சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. தொடர்வினையை நிறுத்திய கணத்திலும் அதில் ஆறேழு சதவீத வெப்பம் எரிபொருளிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். அது படிப்படியாகக் குறைந்தாலும், நாள்கணக்கில் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு, வால்வு, டீசல் ஜெனரேட்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றும் தேவைப்படும் நொடியில் வேலை செய்தாக வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் நிலநடுக்கத்தின்போது உலைகள் முறைப்படி நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

அந்த விபத்தை ஆராய்ந்த ஜப்பான் நாடாளுமன்றக் குழு, இது மனிதத் தவறால் விளைந்த பேரழிவு என்று 2012இல் தீர்ப்புச் சொன்னது. அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புள்ள அமைச்சகத்தின் கீழேயே கண்காணிக்கும் அமைப்பும் இருந்தது. கண்காணிக்க வேண்டியவர்கள், கண்காணிக்கப்படுபவர்களின் வசதிக்கு வளைந்துகொடுத்தார்கள். அந்த அமைப்பைக் கலைத்துவிட்டு, தனித்து இயங்கும் புதிய ஆணையத்தை ஜப்பான் அதே ஆண்டு செப்டம்பரில் அமைத்தது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்ததையும் நம்மூர் அதிகாரிகள் படிக்க வேண்டும். உலைக்கலத்தின் மூடியில் விரிசல் இருக்கலாம் என்ற ஐயத்தால், 2001 டிசம்பர் இறுதிக்குள் உலையை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கருதியது. நிறுவனம் அவகாசம் கேட்டது; ஆணையம் பிப்ரவரி வரை விட்டுக்கொடுத்தது. 2002 மார்ச்சில் மூடியைத் துப்புரவு செய்து பார்த்தபோது, கசிந்த போரிக் அமிலம் எஃகை அரித்து ஒரு குழியே உருவாகியிருந்தது. சுமார் 16 சென்டிமீட்டர் கனமுள்ள எஃகு அந்த இடத்தில் முழுவதும் கரைந்துபோய், உட்புறத்தில் பூசிய ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டுமே உலையின் அழுத்தத்தைத் தாங்கி நின்றது. நிறுவனத்துக்கு ஏற்படும் பண இழப்பை எண்ணியே ஆணையம் தளர்ந்தது என்று அதன் சொந்தத் தலைமை ஆய்வாளரே பின்னர் கண்டறிந்தார். எந்த நாடாக இருந்தாலும், ஆய்வை ஒத்திவைக்கும் ஆசை இப்படிக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் பிறக்கிறது.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு 1983இல் உருவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் இருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கூடங்குளத்தின் முதல் உலை இயங்கத் தொடங்குவதற்கு முன்பே, 2013 ஏப்ரலில் நான்கு வால்வுகளின் பாகங்களில் குறை இருப்பது சோதனையில் தெரிந்தது. பாகங்களை மாற்றிய பிறகே உலை ஓடியது. ஆய்வின் பயன் இதுதான். ஆனால் வாரியத்தின் நிலை பலவீனமானது என்பதை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது அதற்குச் சட்டத் தகுதி இல்லை. விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதமே 500 ரூபாயாகத்தான் இருந்தது. தன்னாட்சி ஆணையம் அமைக்க 2011இல் கொண்டுவந்த மசோதா 2014இல் மக்களவையோடு காலாவதியானது. வாரியத்துக்குச் சட்டத் தகுதி தரும் சாந்தி சட்டம் 2025 டிசம்பரில்தான் நிறைவேறியது. அதே சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையின் கதவைத் திறக்கிறது. லாபக் கணக்கு உள்ளே வரும்போது, கண்காணிப்பவரின் முதுகெலும்பு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் வெளிப்படைத்தன்மை. கூடங்குளத்தின் கணினியில் தீங்கான மென்பொருள் புகுந்துவிட்டது என்ற செய்தி 2019இல் பரவியபோது, அது தவறான தகவல் என்று அக்டோபர் 29 அன்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் செய்தியை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் தொடக்கத்திலேயே தகவல் வந்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினி. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியானது என்று கழகம் விளக்கியது. கணினி பாதிக்கப்பட்டதை முதல் நாளே சொல்லியிருந்தால் மக்கள் நம்பியிருப்பார்கள். மறைத்துவிட்டுப் பின் சொல்லும் உண்மைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

ஆகவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வோம். ஒவ்வொரு ஆய்விலும் கண்ட குறை என்ன, எப்போதைக்குள் தீர்க்கப்படும் என்ற சுருக்கத்தை வாரியம் எளிய தமிழில் வெளியிட வேண்டும். பாதுகாப்பு ரகசியங்களைத் தொடாமலேயே இதைச் செய்ய முடியும். குறையைச் சுட்டிக்காட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை போகாது என்ற உறுதியைக் கழகம் தர வேண்டும். வால்வைத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான். 2014 மே மாதம் வெந்நீர் கொட்டி நிலையத்தில் ஆறு பேர் காயமடைந்ததை மறக்க வேண்டாம்.

நிலையத்தின் மதிலுக்கு வெளியே அவசரநிலைப் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. 2012 ஜூனில் நக்கனேரி என்ற ஒரு சிற்றூரில் ஒத்திகை நடந்தது. 16 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும், கடலில் இருக்கும் படகுகளுக்கும் சேர்த்து, முறைவைத்து ஒத்திகை நடக்க வேண்டும். எந்தச் சாலையில் போவது, அயோடின் மாத்திரை எங்கே கிடைக்கும், யார் சொன்னால் அதை விழுங்குவது என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் கட்சிகள் தேர்தல் நேரத்துக் கோஷத்தோடு நிற்காமல், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஆய்வுக் குறிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. ஒத்திகை அன்று வேலை இருக்கிறது என்று ஒதுங்காமல் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கூடும் கிராம சபையில், நிலையத்தின் கடைசி ஆய்வில் என்ன தெரிந்தது என்ற கேள்வியை எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். உலையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அந்தத் தீர்மானத்தில் சேர்ந்தே கையெழுத்திடுங்கள்.