டாக்டரிடம் கேளுங்கள்: 8 மாதக் குழந்தைக்கு சி.டி ஸ்கேன்... கதிர்வீச்சு பாதிக்குமா?

"என் மகளுக்கு 8 மாதங்கள். போன வாரம் கட்டிலில் இருந்து விழுந்துவிட்டாள். மூன்று முறை வாந்தி எடுத்தாள். எழுப்பினாலும் கண்ணைத் திறக்காமல் தூங்கி வழிந்தாள். மருத்துவமனையில் தலைக்கு சி.டி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். 'பச்சைக்குழந்தைக்குப் போய் எடுத்துட்டியே, பின்னாடி புற்றுநோய் வருமாமே' என்கிறார் மாமியார். பால் கொடுக்கக்கூட பயமாக இருக்கிறது!"
- ஒரு வாசகி

முதலில் பால் கொடுங்கள். எக்ஸ் கதிர் என்பது மெஷின் இயங்கும் அந்தச் சில நொடிகளோடு சரி. குழந்தையின் உடம்பில் தங்காது, தூக்குகிற உங்களுக்கும் பரவாது.

உங்கள் மாமியாரின் பயம் வெறும் கட்டுக்கதை அல்ல. குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பெருகுபவை. அதனால் கதிர்வீச்சு அவர்களைப் பெரியவர்களைவிட அதிகம் பாதிக்கும். ஆனால், எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? 2012-ல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின் கணக்குப்படி, 10 வயதுக்குள் எடுக்கப்படும் 10,000 தலை சி.டி ஸ்கேன்களுக்கு, அடுத்த 10 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக்கட்டியும் வரலாம். தலை சி.டி-யின் அளவு சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஓராண்டில் நமக்குத் தானாகவே கிடைப்பது, உலக சராசரியில் 2.4.

விழுந்த குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, தூங்கியும் வழிந்தால் மூளையில் ரத்தம் கசிகிறதா என்று உடனே தெரிந்தாக வேண்டும். அன்று ஸ்கேன் வேண்டாம் என்று நீங்கள் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அதற்காக, விழுகிற ஒவ்வொரு குழந்தைக்கும் இது தேவையில்லை. தாழ்வான இடத்திலிருந்து விழுந்து, உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல விளையாடி, பால் குடித்து, தலையில் வீக்கமும் இல்லாத குழந்தையைப் பெரும்பாலும் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, சில மணி நேரம் கவனித்தாலே போதும். 'எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்' என்று பெற்றோரே வற்புறுத்துவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ-யிலும் எக்ஸ் கதிர் கிடையாது. ஆனால், எம்.ஆர்.ஐ-க்குக் குழந்தை நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டும், பலநேரம் மயக்க மருந்தும் தேவைப்படும். அவசரத்துக்கு சி.டி-தான் கைகொடுக்கும்.

ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். வேறு மருத்துவரிடம் போனால் முதலில் அதைக் காட்டுங்கள், அதையே திரும்ப எடுக்கும் வேலை மிச்சம். இனி எப்போதாவது சி.டி எடுக்க நேர்ந்தால், 'குழந்தைக்கான டோஸ் வைத்திருக்கிறீர்களா?' என்று டெக்னீஷியனிடம் தயங்காமல் கேளுங்கள்.

மீண்டும் வாந்தியோ, எழுப்ப முடியாத தூக்கமோ, வலிப்போ வந்தால் மட்டும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.